இரண்டு பேர் கேட்ட சாவி

இடது கை, சாவியைக் கவ்விப் பிடித்திருந்த வைஸின் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்திச் சரிபார்த்தது. வலது கை அரத்தை முன்னால் தள்ளியது. திரும்பி வரும்போது அரம் பித்தளையைத் தொடாமல் காற்றில் வந்தது. தள்ளும்போதுதான் அரம் வெட்டும். இழுக்கும்போதும் தேய்த்தால் அரம்தான் மழுங்கும். இதை அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீணாய்ப் போன அரங்கள் சொல்லித் தந்தன.

மேசைக்கு எதிர்ப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் காத்திருந்தார். அவர் கொண்டுவந்த பழைய சாவி வைஸின் ஒரு பக்கம், வெட்டப்படும் புதுச் சாவி இன்னொரு பக்கம். பழையதன் பற்கள் கூழாங்கல்லாய் உருண்டு போயிருந்தன.

"யாரு வண்டி?" என்றாள் சாவிக்காரி, அரத்தை நிறுத்தாமல்.

"நம்ம வண்டிதான்."

"நம்மன்னா?"

"வீட்டு வண்டி அக்கா. அண்ணனோடது. அண்ணன் தவறிட்டாரு. பழைய பிரிட்டிஷ் வண்டி, ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு சீட்டு, கூரைய மடக்கிக்கலாம். சும்மா கெடக்கு. வீட்டுல யாருக்கும் ஓட்டத் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குச் சாவி?"

பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சார், இதுக்கே அசந்துட்டா எப்படி? இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு."

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை அவளுடையது. பெட்டிச் சாவியோ வண்டிச் சாவியோ எதைக் கொண்டுவந்தாலும் யாருடையது, எதற்கு, சொந்தக்காரருக்குத் தெரியுமா என்று மூன்று கேள்வி கேட்காமல் அரத்தைத் தொடமாட்டாள். ஒருமுறை ஒருவன் சோப்புக் கட்டியில் அச்செடுத்துக்கொண்டு வந்தபோது சோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "போய்க் குளிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். அவள் புருஷனுக்கு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. வீட்டில் ஒருவர் காவல், ஒருவர் சாவி. திருடன் அந்த வீட்டில் பெண் எடுத்தால்தான் உள்ளே வர முடியும் என்று தையல்காரர் சொல்லுவார்.

தொழில் வந்த விதமும் சந்தேகத்தால்தான். கல்யாணமான புதிதில் வீட்டுச் சாவி தொலைந்தது. திறக்க வந்தவர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பூட்டில் என்னவோ செய்தார். அப்படி மறைத்துச் செய்ய அதற்குள் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. பழைய இரும்புக் கடையில் உடைந்த பூட்டுகளை எடை போட்டு வாங்கி வந்து, சமையல் மேடையிலேயே பிரித்துப் போட்டாள். பிரிப்பது சீக்கிரமே கைவந்தது. சேர்ப்பதற்குத்தான் வருஷக்கணக்கானது. இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "இழுத்து இழுத்தே ஒருநாள் அதைக் கழட்டிடப் போற" என்பார் புருஷன்.

இந்த ஆளிடம் அவளுக்கு மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: வண்டி அண்ணனுடையது, விற்கத்தான் சாவி, சொந்தக்காரர் உயிரோடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கையில் சாவி வைத்திருந்தார். சாவி கொண்டுவந்தவருக்குச் சாவி. கடையின் சட்டம் அது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. இந்த வண்டிக்கான பிளாங்க், அதாவது பல் வெட்டாத வெற்றுச் சாவி, எங்கும் கிடைக்கவில்லை. மொத்தக் கடைக்காரர், "அந்த வண்டியே மியூசியத்துல நிக்குது, நீ சாவி கேக்கற" என்று கையை விரித்தார். கடைசியில் அவளுடைய பிஸ்கட் டின்னின் அடியில், எந்தக் காலத்திலோ மொத்தமாக வாங்கிப் போட்டதில் இரண்டு அகப்பட்டன. ஒன்று இப்போது வைஸில் இருந்தது.

மறுநாளே அவர் திரும்பி வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"திரும்பல."

"பழசு திரும்புதா?"

"பழசும் திரும்பல. அதனாலதானே புதுசு கேட்டேன்."

"இதை நேத்தே சொல்லியிருக்கணும். தேஞ்சதைப் பாத்து வெட்டினா தேஞ்சதுதான் வரும். பூட்டக் கழட்டிக் கொண்டாங்க, இல்ல வண்டி நிக்கற எடத்துக்கு நான் வர்றேன்."

வீட்டுக்கு வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. "வேணாம் வேணாம். வெள்ளிக்கிழமை வாங்கறவங்க வர்றாங்க. திரும்பாட்டி கட்டி இழுத்துட்டுப் போறாங்க, நமக்கென்ன" என்று புதுச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு, காசும் கொடுக்காமல் போனார். அவள் அந்தச் சாவியை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். வேலை செய்து வெட்டிய பொருளைக் குப்பையில் போடும் பழக்கம் அவளுக்கில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு வயதான அம்மா வந்தார். சாதாரணச் செருப்பு, நரைத்த தலையைச் சின்னதாய் முடிந்திருந்தார். மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். ஜோசியம் கேட்க வந்தவர் போலிருந்தது. உள்ளங்கையில் பேனாவால் இரண்டு எழுத்து, மூன்று எண்.

"இந்த நம்பருக்கு ஒரு சாவி வேணும்மா."

"என்ன வண்டி?"

"பழைய இங்கிலாந்து கார். ரெண்டு பேர் உக்கார்றது. ஸ்டார்ட் பண்ற பூட்டோட முகத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. நம்பர் இருந்தா சாவி பண்ணிடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

சாவிக்காரி தலையைத் தூக்கினாள். அந்த ஊரில் அப்படிப்பட்ட வண்டி எத்தனை இருந்துவிடும். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் சாவி தொலைத்துவிட்டு இவள் கடைக்கே வருவார்களா என்ன. ஒருவர் சாவியோடு வந்தார், இன்னொருவர் சாவி இல்லாமல். இதில் யார் சொந்தக்காரர் என்று குழந்தை கூடச் சொல்லும்.

"யாரு வண்டி?"

"என்னோடது."

"பழைய சாவி?"

"காணோம். வீட்டுக்காரர் தவறின அன்னைக்கு ஆணியில மாட்டி இருந்துச்சு. மறுநாள் இல்ல."

"வண்டிக் காகிதம்?"

அந்த அம்மா பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அசல் கொழுந்தனார்கிட்ட இருக்கு. பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனார்."

ஜெராக்ஸ் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சாவிக்காரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "இந்த மாதிரி வண்டிக்கு ரெண்டு சாவி இருக்குமே. கதவுக்கும் ஸ்டார்ட்டுக்கும் ஒண்ணு, டிக்கிக்கு ஒண்ணு."

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்."

சொந்த வண்டிக்கு எத்தனை சாவி என்று தெரியாத சொந்தக்காரி. சாவிக்காரி அந்தக் கையை மறுபடி பார்த்தாள். வியர்வையில் நடு எண் ஊறிப்போய் மூன்றா எட்டா என்று புரியவில்லை. "நான் நேர்ல வந்து பாக்கணும்" என்றாள், மறுப்பார் என்று எதிர்பார்த்து.

"வாங்க" என்றார் அந்த அம்மா உடனே. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வாங்க. ஆனா பத்து மணிக்கு மேல. அதுக்கு முன்னாடி வேணாம்" என்றார்.

அவர் தெருவில் இறங்கிப் போவதை அவள் எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சாரியில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். பின்னால் கேரியரில் சாக்கில் சுற்றிய கனமான பொருள் எதுவோ கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த அம்மா அவனிடம் ஏதோ சொன்னார். அவன் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

"பாத்தியா தம்பி?" என்றாள் தையல்காரரிடம்.

"பாத்தேன். ஆயுதமா இருக்குமோ?"

"விளையாடாத. வெள்ளிக்கிழமை விக்கப்போற வண்டி. வியாழக்கிழமை இந்தம்மா சாவி கேக்குது. யாரோ புரோக்கர் பின்னாடி நின்னு ஆட்டி வெக்கறான்."

"அப்ப போகாதக்கா. தலையெழுத்தா உனக்கு?"

"போகாட்டி வேற எவனாவது பண்ணிக் குடுப்பான். நான் போனா என்னன்னு பாத்துட்டாவது வருவேன். மத்தியானத்துக்குள்ள வரலன்னா நீ வா."

"வந்து? கத்திரியக் காட்டி மிரட்டவா?"

அன்றைக்குச் சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். "சந்தேகமா இருந்தா விட்ரு" என்றார் அவர்.

"உங்களுக்கென்ன, சந்தேகம் வந்தா விசில் ஊதுவீங்க. எனக்கு அதெல்லாம் முடியுமா. ஒரு திருட்டுச் சாவி என் கையால போச்சுன்னா அப்புறம் இந்தத் தெருவுல எவ தன் வீட்டுச் சாவிய என்கிட்டக் குடுப்பா?"

வியாழக்கிழமை, சின்ன வைஸ், நான்கு அரங்கள், எந்த எண்ணுக்கு எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் அட்டவணை, கடைசி பிளாங்க் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த பிளாங்க் கெட்டுப்போனால் வேறு கிடையாது.

மாடி வீடு. கீழே அந்த அம்மா, மேலே கொழுந்தனார். அவர் பத்து மணிக்கு வேலைக்குப் போய் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார் என்று அந்த அம்மா சொன்னார். பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். துணியை விலக்கியபோது கரும்பச்சை நிறத்தில், இடுப்பு உயரத்தில், வண்டி பதுங்கி உட்கார்ந்திருந்தது. முன்பக்க மட்கார்டில் ஒரு நசுங்கல். கேட் தூணில் அதே உயரத்தில் அதே பச்சை.

சாவிக்காரி உள்ளே ஏறி, டார்ச் அடித்து, பூட்டின் முகத்தைப் படித்தாள். நடு எண் எட்டு. ஷெட்டிலிருந்த மர மேசையில் வைஸை இறுக்கினாள். அட்டவணையைப் பார்த்து, அளந்து, அரத்தைத் தள்ள ஆரம்பித்தாள்.

முதல் பல் உயரம். இரண்டாவதும் மூன்றாவதும் தாழ்வு. நான்காவது இறங்கிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. இந்தப் பாதையில் அவள் அரம் ஏற்கெனவே போயிருக்கிறது. போன வாரம், கூழாங்கல்லாய்த் தேய்ந்த அதே பற்கள். சந்தேகம் உறுதியாயிற்று: அந்த ஆள் கையில் வைத்திருந்தது இந்த வண்டியின் சாவி. அவர் சொன்ன அண்ணன், இந்த அம்மாவின் புருஷன். சாவி அவரிடம்; அசல் காகிதமும் அவரிடம்; இந்த அம்மாவிடம் உள்ளங்கை மட்டும்.

அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "இந்த வண்டிய யாரும்மா ஓட்டுவாங்க?" என்றாள்.

"நான்தான்."

"வீட்டுல யாருக்கும் ஓட்டத் தெரியாதுன்னு கேள்விப்பட்டேனே."

அந்த அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். யாரிடம் கேள்விப்பட்டாய் என்று கேட்கவில்லை. "தெரியாதுன்னுதான் எல்லாரும் நெனச்சுட்டிருக்காங்க. நெனைக்க வெச்சதும் நாங்கதான்" என்றார். "அவருக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சுது. வெளிய சொல்லக் கூச்சம். எனக்குக் கத்துக் குடுத்து என் பேருக்கே வண்டிய மாத்திட்டார். காலைல நான்தான் ஸ்டார்ட் பண்ணி வெளிய எடுப்பேன், மாடியில அந்நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. திரும்பி வரும்போது தெருமுனையில எறங்கி எடம் மாறிக்குவோம். கொழுந்தனார் பால்கனியில நின்னு பாப்பார், அண்ணன்தான் ஓட்டிட்டு வர்றார்னு. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள ரெண்டு தடவ கேட்டுல இடிச்சுட்டார் மனுஷன்." சிரித்தார். "டிக்கியில அவர் டூல்ஸ் வெச்சிருப்பார். அதை நான் தொட்டதில்ல."

கதை நன்றாயிருந்தது. நன்றாயிருக்கும் கதைகளிடம்தான் சாவிக்காரிக்குப் பயம். தூணில் இருக்கும் பச்சை, வண்டி இடித்ததைச் சொல்லும்; யார் ஓட்டி இடித்தது என்று சொல்லாது.

"இப்ப சாவி கெடச்சா என்ன பண்ணுவீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன். நாளைக்கு வாங்கற ஆள் வர்றான். கொழுந்தனார் என்னடான்னா, அண்ணி, உங்களுக்கு இது எதுக்கு, சைக்கிள் கூட மிதிக்கத் தெரியாதுன்றார். என் வண்டிய என்னைக் கேக்காம வெலை பேசியாச்சு. நான் ஓட்டுவேன்னு இப்பச் சொன்னா புளுகுன்னுதானே சொல்லுவார். நீங்களே நம்பலையே."

சாவிக்காரி கடைசிப் பல்லை முடித்தாள். தூசியைத் துடைத்து, வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டாள். வெண்ணெயில் கத்தி போல உள்ளே போய், திருப்பியதும் திரும்பியது. வெட்டியதில் நல்லது கெட்டது அவளுக்குத் தெரியும், இது நல்லது. ஆனால் கொடுப்பதா இல்லையா என்பது இன்னும் தீரவில்லை. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "உக்காந்து பாருங்க" என்றாள். ஒருவர் எப்படி உட்காருகிறார் என்பதிலேயே கொஞ்சம் தெரிந்துவிடும் என்று நினைப்பு.

அந்த அம்மா உட்கார்ந்தார். பார்க்காமலே கையை நீட்டிச் சாவியைப் பிடித்தார். திருப்பினார். திரும்பவில்லை.

மறுபடி. திரும்பவில்லை.

சாவிக்காரி குனிந்து பூட்டைப் பார்த்தாள். கடைசி பிளாங்க். "எழுந்திரிங்க" என்று தானே உட்கார்ந்து திருப்பினாள். திரும்பியது. "இப்ப நீங்க." திரும்பவில்லை. நாலு முறை இப்படி இடம் மாறினார்கள்.

"உங்க கைக்கு மட்டும் பேசுது போல" என்றார் அந்த அம்மா.

ஐந்தாவது தடவை சாவிக்காரி பூட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாவியைப் பிடித்தன. திருப்புவதற்கு முன்னால், ஒரு நகத்தின் கனம் அளவுக்கு, அதை வெளியே இழுத்தன.

"ஏன் இழுக்கறீங்க?"

"என்னத்த இழுக்கறேன்?"

"சாவிய. பின்னால."

"நான் இழுக்கலையே" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே இழுத்தார்.

சாவிக்காரி இடுப்புப் பையைத் திறந்தாள். போன வாரம் மேசைமேல் வீசப்பட்ட சாவியை எடுத்து, தானே பூட்டில் போட்டு, கடைசி வரை தள்ளித் திருப்பினாள். அசையவில்லை. "இதத் திருப்புங்க" என்றாள்.

அந்த அம்மா பிடித்தார். ஒரு நகத்தின் கனம் இழுத்தார். திரும்பியது. கண் டாஷ்போர்டில் இருக்க, எப்போதும் போல, அடுத்த வேலைக்குக் கால் பெடலைத் தேடிப் போனது.

சாவிக்காரி வண்டியின் கதவில் சாய்ந்து நின்றாள். சாவியின் தலைக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சின்னப் படி இருக்கும். தோள் என்பார்கள். இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று சாவியை நிறுத்துவது அதுதான். பழைய சாவியில் தோள் தேய்ந்து போயிருக்க வேண்டும். அதனால் அது பூட்டுக்குள் அளவுக்கு மேல் போய்விடும்; ஒரு நகத்தின் கனம் பின்னுக்கு இழுத்தால்தான் பற்கள் இடத்துக்கு வரும். அதைப் பார்த்து வெட்டிய நகலும் அப்படியே. வருஷக்கணக்கில் தினமும் திருப்பிய கைக்கு அது தெரியும். தெரியும் என்பதுகூட அதற்குத் தெரியாது. இஸ்திரிச் சட்டைக்காரர் ஒருநாள் கூட அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டின் முன்னால் முழித்திருக்கிறார்.

"எங்க கெடச்சுதும்மா இந்தச் சாவி உங்களுக்கு?" என்றார் அந்த அம்மா.

"அது ஒருத்தர் கேட்டு வெட்டினது. வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டார்."

அந்த அம்மா மாடியைப் பார்த்தார். "திரும்புதே. இதையே குடுங்களேன்."

"ஊஹூம். இன்னொருத்தர் கேட்ட சாவிய உங்களுக்குக் குடுக்கமாட்டேன். அதுவுமில்லாம, தேஞ்சதைப் பாத்து வெட்டினது, எப்ப வேணும்னாலும் காலை வாரும்."

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சாக்கு மூட்டைக்காரன் உள்ளே வந்தான். சாவிக்காரியின் கை தானாக அரத்தை இறுக்கியது. அவன் சாக்கைத் தரையில் இறக்கி அவிழ்த்தான். கார் பேட்டரி.

"நேத்தே கொண்டாந்தேன்" என்றான் அந்த அம்மாவிடம். "சாவிக்கார அக்கா நாளைக்குத்தான் வருவாங்கன்னீங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன். இன்னைக்காவது மாட்டலாமா? ஒரு மணிக்குள்ள மாட்டணும்னீங்களே."

"மாட்டுங்க" என்றாள் சாவிக்காரி, அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள்.

பிறகு அவள் புதுச் சாவியை வெளியே எடுத்து வைஸில் வைத்தாள். "கடைசி வரைக்கும் தள்ளி, இழுக்காம திருப்பினா இதுவே திரும்பும்" என்றாள். "முடியுமா உங்களால?"

அந்த அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ரோட்டுல நிக்கும்போது ஞாபகம் வரணுமே."

"வராது. கை கேக்காது."

சாவிக்காரி இருப்பதிலேயே மெல்லிய அரத்தை எடுத்தாள். எண்ணுக்கும் அட்டவணைக்கும் மயிரிழை பிசகாமல் வந்திருந்த சாவி. பழைய சாவியைப் போலவே அளவுக்கு மேல் உள்ளே போகட்டும் என்று அதன் தோளில் அரத்தை வைக்கும்போது அவளுக்கே கை கூசியது. எந்த நல்ல வேலைக்காரியும் செய்யமாட்டாள். ஒரு தள்ளு. தொடாமல் பின்னால். இன்னொரு தள்ளு. பூட்டில் போட்டுப் பார்த்தாள். கொண்டுவந்து மறுபடி ஒரு தள்ளு. அவள் கையில் சாவி திரும்ப மறுத்தது. கடைசி வரை தள்ளி, முறுக்கி, மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"கெட்டுப் போச்சா?" என்றான் பேட்டரிக்காரன்.

"ஆமா, எனக்குக் கெட்டுப் போச்சு. வேற யாரு ஆணியிலேர்ந்து எடுத்துட்டுப் போனாலும் அவங்களுக்கும் கெட்டுப் போனதுதான்."

பிசிறைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்று குத்தியது, அதையும் தேய்த்தாள். பித்தளைத் தூசியை ஊதிவிட்டு, முன்தானையில் துடைத்து, சீட்டில் காத்திருந்த அந்த அம்மாவின் உள்ளங்கையில், அழிந்துபோன எண்ணுக்கு மேலே, சாவியை வைத்தாள்.